தங்கை நெஞ்சைக் காட்டி அக்கா போட்டுக்கொண்ட ஊசி

இ.சி.ஜி. அறைக்கும் எக்கோ அறைக்கும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பாடம் சொன்னவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்தவன் நான். இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்த பெருமை. யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கடப்பாரை பிடித்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்து நாலில் ராமநாதபுரம் வந்து ஒரு டாக்டரிடம் ஜெனரேட்டர் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் ஓர் இ.சி.ஜி. பெட்டி இருந்தது. நெஞ்சில் ஒட்டும் பித்தளைக் கிண்ணங்கள் உப்புக்காற்றில் வாரம் ஒருமுறை பச்சை பூத்துவிடும். கம்பெனிக்காரன் மதுரையிலிருந்து வந்து பார்த்து, "புதுசு வாங்கணும்" என்றான். நான் அடுப்படியில் கொஞ்சம் புளி வாங்கித் தேய்த்தேன். மறுநாள் கோடு கண்ணாடி மாதிரி விழுந்தது. டாக்டர் என்னை ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்கு மாற்றினார். அந்த இடம் வளர்ந்து பிறகு ஆஸ்பத்திரி ஆனது. அன்றிலிருந்து இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெறும் வரைக்கும் இந்த மாவட்டத்தில் நான் பார்க்காத நெஞ்சு இல்லை.

முகம் எனக்கு மறந்துபோகும். கோடு மறக்காது. சந்தையில் ஒருவர் வணக்கம் சொன்னால் யாரென்று தெரியாமல் விழிப்பேன். அவருடைய இ.சி.ஜி. காகிதத்தை நீட்டினால், "ஆர்.எஸ்.மங்கலம், தொண்ணூற்று மூணு, புகையிலையை இன்னும் விடலையா?" என்று கேட்பேன். இதை நூறு பேர் பார்க்கச் செய்து காட்டி, நூறு பேரிடமும் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட என்னை முதுகுளத்தூர் பக்கத்து அக்காள் தங்கை இரண்டு பேர் பட்டப்பகலில் ஏமாற்றிவிட்டுப் போனார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அக்காள் பெயர் பஞ்சவர்ணம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். தங்கை ராக்கு, மூன்று வயது இளையவள். இரண்டு பேரையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வானம் பார்த்த மிளகாய்க் காடு, இருபது ஆடு, அதுதான் குடும்பம். பஞ்சவர்ணத்துக்கு வலது மார்பில் புற்று வந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, பிறகு சிவப்பு மருந்து என்கிற கீமோ நான்கு தடவை ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டிப்போனது. அதற்குப் பிறகு, அப்போது புதிதாக வந்திருந்த ஊசி ஒன்றை ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷத்துக்கு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று சோதனைக்காக இலவசமாகக் கொடுத்த மருந்து. இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் பத்துக் காடு விற்றாலும் போட முடியாது.

இந்த ஊசியின் கதை விசேஷமானது. எங்கள் இதய டாக்டர் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். பழைய மருந்துகள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவை. நல்லதும் சாகும், கெட்டதும் சாகும். இது ஆள் பார்த்து அடிப்பது. சில வகைப் புற்றுச் செல்களின் மேல் கொக்கி மாதிரி ஒன்று ஏராளமாக நீட்டிக்கொண்டிருக்குமாம். ஊசி மருந்து அந்தக் கொக்கியைத் தேடிப்போய் மாட்டிக்கொள்ளும். வம்பு என்னவென்றால், அதே கொக்கி இதயத் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே அது நல்ல காரியம் செய்கிறது. உழைத்துக் களைத்த தசையை அவ்வப்போது பழுது பார்க்கிறது. அதையும் ஊசி அடைத்துவிட்டால் சிலருக்கு இதயம் சோர்ந்துபோகும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்து, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் நூறு பங்கு இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். அறுபது பக்கம் இருந்தால் சுகம்.

மதுரையில் புற்று பார்க்கும் டாக்டரம்மா, "எக்கோவை உங்க ஊர்ப் பக்கமே எடுத்துக் காகிதத்தை மட்டும் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் அலைய வேண்டாமே என்ற இரக்கம். அந்த இரக்கத்தில்தான் ஓட்டை விழுந்தது.

முதல் தடவை பஞ்சவர்ணத்துக்கு அறுபது. மூன்று மாதம் கழித்து ஐம்பத்திரண்டு. அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இன்னும் இறங்குச்சுன்னா ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தணும்மா" என்றிருக்கிறார். அவர் சொன்னதில் 'கொஞ்ச நாள்' என்பது பஞ்சவர்ணம் காதில் ஏறவில்லை. 'நிறுத்தணும்' மட்டும்தான் ஏறியது.

மூன்றாம் தடவை வந்தது ராக்கு.

இதில் கள்ளத்தனம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ரேஷன் கடைக்கு அக்காள் அட்டையைத் தங்கை கொண்டு போனால் சர்க்கரை இல்லை என்றா சொல்கிறான்? நூறு நாள் வேலையில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி போய் மண் அள்ளவில்லையா? அதே கணக்குத்தான். அக்காளுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை. தங்கை போய்ப் படுத்துவிட்டு வந்தாள்.

அன்று புதன்கிழமை. நாங்கள் பெரிய டாக்டர் என்று கூப்பிடும் இதய டாக்டர் புதன், சனி இரண்டு நாள்தான் வருவார். வெளியே நாற்பது பேர். அறையில் என்னோடு வேலை பார்த்தவள் நூர்ஜகான். புதுமடத்துப் பெண், டிப்ளமோ படித்தவள், என்னை மாமா என்பாள். பெண்களுக்கு நெஞ்சில் இ.சி.ஜி. பட்டன் ஒட்டுவது அவள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பெட்டியை ஓட்டுவது நான்.

"பேரு பஞ்சவர்ணம்தானே?" என்று நான் கேட்டேன்.

"ஆமண்ணே" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆபரேசன் வலது பக்கம்?"

"ஆமண்ணே. வலதுதேன்." இரண்டாவது பதிலில் சேலையை வலது பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். இதயம் இருப்பது இடது பக்கம். வலது பக்கத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

காகிதம் ஓடி முடிந்ததும் நூர்ஜகான் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, இந்தம்மாவுக்கு முடி கொட்டிப்போயிருந்துச்சுல்ல?"

"ஆமா."

"துண்டுக்குள்ள இம்புட்டுப் பெரிய கொண்டை இருக்கு."

"ஊசி அப்படி வேலை செய்யுது. முளைச்சிருச்சு" என்றேன்.

"மூணு மாசத்துலயா? எனக்குப் பொறந்ததுலேருந்து இம்புட்டு முளைக்கல மாமா."

"உனக்கு எண்ணெய் பத்தலை. போய் அடுத்த ஆளைக் கூப்பிடு."

அவள் போகவில்லை. பழைய காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். "கோடும் வேறயா இருக்கு, பாருங்க."

பார்த்தேன். பஞ்சவர்ணத்தின் கோட்டில் ஓர் அடையாளம் உண்டு. மூன்றாவது வரியில், மேலே ஏறும் கூர்முனையின் உச்சியில் சின்னதாக ஒரு வெட்டு. அவர்கள் ஊர்ப்பக்கம் மந்தையில் ஆடு மாறிப்போகாமல் இருக்கக் காது நுனியில் வெட்டி விடுவார்களே, அப்படியே இருக்கும். புதிய காகிதத்தில் வெட்டு இல்லை. காது முழுசாக இருந்தது.

இந்த இடத்தில் உங்கள் மாமா என்ன செய்திருக்க வேண்டும்? ஊரறிந்த பெருமைக்காரன், கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்பவன், திரையை விலக்கி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் நூர்ஜகானைப் பார்த்து, "போன தடவை பட்டனை நீ கோணலா ஒட்டியிருக்கே. அதான் அந்த வெட்டு. இப்பத்தான் கோடு சரியா விழுந்திருக்கு" என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. "நான் சரியாத்தான் ஒட்டினேன் மாமா" என்றாள். "முப்பது வருசமா கோடு பாக்குறேன். எனக்கே பாடமா?" என்றேன்.

டாக்டர் வந்தார். எக்கோவுக்கு அறையை இருட்டாக்கித்தானே வைப்போம். அவர் கண் எக்கோ திரையில், கை நெஞ்சில். "அறுபத்திரண்டு. நல்லா ஏறியிருக்கே!" என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். ராக்கு கும்பிட்டுவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அந்தக் காகிதத்தை நம்பி மதுரையில் அக்காளுக்கு அடுத்த ஊசியைப் போட்டார்கள்.

ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி. சுள்ளென்ற வெயிலில் ஆட்டோ ஒன்று வாசல்வரை ஏறி வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மாளை இறக்கினார்கள். உட்கார வைத்தால் மூச்சு வாங்கியது; படுக்க வைத்தால் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. தலையில் துண்டு. துண்டு நழுவியபோது, அறுத்த வயலில் தாள் முளைத்த மாதிரி அரை விரல் முடி.

கூட வந்த பெண் ஓயாமல் பேசினாள். "சளிதேன் டாக்டர். காட்டுல பனி பட்டுருச்சு. சளிதேன்."

பணியில் இருந்தவர் ஒரு சின்ன வயது டாக்டர். நல்ல பையன், கெட்டிக்காரன். கோப்பைப் புரட்டினார். மூன்று வாரத்துக்கு முந்தைய எக்கோ: அறுபத்திரண்டு. எங்கள் பெரிய டாக்டரின் கையெழுத்து. "இதயம் நல்லா இருக்கு. அப்போ நுரையீரல்தான். பி.பி. வேற கம்மியா இருக்கு" என்று ஆவி பிடிக்கும் முகமூடியை மாட்டச் சொல்லி, பாட்டிலையும் ஏற்றச் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கையில் இருந்த காகிதம் அப்படிச் சொன்னது.

எங்களை இ.சி.ஜி. எடுக்கக் கூப்பிட்டார்கள். அறையிலிருந்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். நூர்ஜகான் ஒட்டினாள், நான் ஓட்டினேன். காகிதம் வெளியே வந்தது. நூர்ஜகான் அதைக் கிழித்து எடுத்தாள். கோப்பிலிருந்து மூன்று பழைய காகிதங்களையும் எடுத்து, புதியதோடு சேர்த்து, என் முன்னால் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலாவதில் வெட்டு இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் இல்லை. இப்போது எடுத்ததில் இருந்தது.

நான் கூட வந்த பெண்ணின் தலையைப் பார்த்தேன். இம்புட்டுப் பெரிய கொண்டை.

"ஏத்தா, போன தடவை இங்கன வந்து படுத்தது நீதானே?" என்றேன்.

ராக்குவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சொல்லிராதீகண்ணே. ஒங்க காலப் புடிச்சுக்கிறேன். சொன்னா ஊசிய நிறுத்திருவாக. எங்கக்கா செத்துப் போயிரும்."

"இப்ப சொல்லாட்டி சாயங்காலத்துக்குள்ள போயிரும்!"

இதுவரை உங்களிடம் நிறையப் பெருமை பேசிவிட்டேன். இனிச் சொல்வது பெருமை இல்லை. அந்த நேரம் நான் அரை நிமிஷம் அசையாமல் நின்றேன். அக்காள் உயிரைப் பற்றி யோசித்து நின்றேன் என்று எழுத ஆசைதான். யோசித்தது வேறு. வாயைத் திறந்தால், கோடு மன்னன் ஏமாந்த கதை ஊருக்கே தெரிந்துவிடும். பெரிய டாக்டர் யாருடைய நெஞ்சுக்கோ கையெழுத்துப் போட்டது வெளியே வரும். அவர் என்னை வைத்திருப்பாரா? அரை நிமிஷம் முழுக்க இதுதான் ஓடியது. அந்த அரை நிமிஷத்திலும் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அந்த அம்மாள் உடம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தள்ளச் சக்தியில்லாத இதயத்துக்கு மேலும் தண்ணீர் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் புத்தகம் இல்லை, பார்த்திருக்கிறேன்.

போய்ப் பாட்டில் குழாயை அடைத்தேன்.

சின்ன டாக்டர் திரும்பினார். "யாருங்க நீங்க அதை மூட? டெக்னீசியன் வேலை எதுன்னு தெரியாதா?"

"சார், அந்த ரிப்போர்ட் இவங்களோடது இல்ல."

"என்னது?"

"அறுபத்திரண்டு இந்தம்மாவோட இதயம் இல்ல சார். அந்தா நிக்குதே, அந்தம்மாவோடது. ஆள் மாறிப் படுத்துருச்சு. நாங்க கவனிக்கல." இதோடு நிறுத்தியிருக்கலாம். நூர்ஜகான் பார்த்துக்கொண்டே நின்றாள். "நூர்ஜகான் கவனிச்சுச்சு. நாந்தான் வாய அடைச்சுட்டேன்" என்றேன்.

ராக்கு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சின்ன டாக்டர் ஒரு வினாடி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. முகமூடியை மாற்றி ஆக்சிஜன் வைத்தார், படுக்கையை நிமிர்த்தினார், பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். நீரைப் பிரிக்கும் ஊசி போனது. மத்தியானத்துக்குள் ஒன்றரை லிட்டர் சிறுநீர் பிரிந்தது. நாலு மணிக்குப் பஞ்சவர்ணம் ஒரு முழு வாக்கியம் பேசினாள். அந்த வாக்கியம் என்னைப் பார்த்துப் பேசியது.

"ஒனக்கு என்னய்யா பாவஞ் செஞ்சேன்? எந் தங்கச்சியக் காட்டிக் கொடுத்துட்டியே."

இங்கே ஒரு விஷயம், தம்பிகளே. பாட்டில் குழாயை அடைத்த கையை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அது அகராதித்தனம், அத்துமீறல். அடைக்க வேண்டியவர் டாக்டர். நீங்கள் செய்ய வேண்டியது வாயைத் திறப்பது. எனக்குக் கை முந்தியது, ஏனென்றால் வாய் வெட்கப்பட்டது. உங்களுக்கு வாய் முந்தட்டும்.

புதன்கிழமை பெரிய டாக்டர் வந்து எக்கோ பார்த்தார். முப்பத்து நாலு. அவர் என்னைத் திட்டுவார் என்று காலையிலிருந்து சாப்பிடாமல் தயாராக நின்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் திரையையே பாத்தேன், நீ கோட்டையே பாத்தே. அந்தப் பொண்ணு மட்டும்தான் ஆளைப் பாத்திருக்கு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. ஊசியை நிறுத்தியாக வேண்டும். இதயத்துக்கு மாத்திரை கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும். பஞ்சவர்ணம் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரையைக் கையில் வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"நெஞ்சு நின்னா ஒரே நாள்ல போயிரும். சொகம். புத்து வந்தா அப்படியா? எங்க சின்னாத்தா எட்டு மாசம் அழுகி அழுகிப் போனா. நான் பாத்தேன். ஊசிய நிறுத்தாதீக. நெஞ்சு போனாப் போகட்டும்."

பெரிய டாக்டர் சென்னைக்காரர். அவர் பொறுமையாக, "இந்த ஊசியால வர்ற பாதிப்பு பெரும்பாலும் திரும்பச் சரியாகிடும்மா. சிவப்பு மருந்தால வந்திருந்தா அப்படிச் சொல்ல முடியாது, அது தசையையே கொன்னுடும். உங்களுக்கு ரெண்டுமே போட்டிருக்கு. எதனால வந்ததுன்னு காத்திருந்துதான் பாக்கணும்" என்றார். நல்ல விளக்கம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அடுத்த படுக்கைக்குப் போனதும் நான் போய் நின்றேன்.

"ஏத்தா, மெளகாச் செடி ரெண்டு விதமாத் தொங்கும், இல்லியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மிளகாயைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசிவிடுவானோ என்று காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"உச்சி வெயில்ல தொங்குற செடி இருக்கு. வேரழுகித் தொங்குற செடி இருக்கு. பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்" என்றேன்.

"ஒண்ணு மாதிரி இருக்காது. ஒனக்கு என்ன தெரியும், கடக்கரைக்காரன்!" என்றாள். "வெயில்ல தொங்குனது பொழுது சாஞ்சு தண்ணி ஊத்துனா நிமிந்துக்கிரும். வேரழுகுனது நிமிராது."

"சரி. ஒன் நெஞ்சு இப்பத் தொங்குது. ஊசிதான் வெயில். வெயில நிறுத்திட்டு, மாத்திரைத் தண்ணிய ஊத்திப் பாப்பம். நிமிந்தா மறுபடி ஊசி போடலாம்னு டாக்டரு சொல்றாரு. நிமிராத நெஞ்ச வச்சுக்கிட்டு ஊசியும் போட முடியாது, ஒண்ணும் போட முடியாது."

"வேரழுகலா இருந்தா?"

பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "தெரியாது. மூணு மாசம் தண்ணி ஊத்திப் பாத்தாத்தான் தெரியும்."

 பஞ்சவர்ணம் தலையணைக்கு அடியில் கையை விட்டு, மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இந்த மிளகாய்ச் செடி விளக்கத்தைப் பெரிய டாக்டர் பிறகு தம்முடைய விளக்கமாக மதுரைக் கூட்டம் ஒன்றில் சொல்லிக் கைதட்டு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையில் விளக்கம் அந்த அம்மாளுடையது.

மதுரைக்கும் சொல்லியாக வேண்டுமே. "கடிதம் எழுதிடுறேன்" என்றார் பெரிய டாக்டர். பஞ்சவர்ணம், "நாஞ் செஞ்சத நானே சொல்றேன்" என்று போனைக் கேட்டு வாங்கினாள். அவர் அறையில், எங்கள் எல்லோர் முன்னாலும் பேசினாள்.

"டாக்டரம்மா, நான் பஞ்சவர்ணம் பேசுறேன். போன தடவ காட்டுன காயிதம் எந் நெஞ்சு இல்ல. எந் தங்கச்சி நெஞ்சு."

 டாக்டரம்மாவின் குரல் எங்களுக்கே கேட்டது. "அப்ப உங்க நெஞ்சு எங்கம்மா?"

"இங்கனதேன் இருக்கு. முப்பத்தி நாலு."

பெரிய டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்டரம்மா திட்டியது பதினைந்து நிமிஷம். பஞ்சவர்ணம் "சரித்தா, சரித்தா" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவும் பெரிய டாக்டரும் பேசி, ஊசியை நிறுத்தினார்கள். மாதாமாதம் எக்கோ என்று முடிவு செய்தார்கள்.

முதல் மாதம் முப்பத்தெட்டு. நான்கு புள்ளி ஏற்றம். அளக்கும் கை கொஞ்சம் அசைந்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். பெரிய டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சிவப்பு மருந்து எத்தனை தடவை என்று கோப்பில் மறுபடியும் பார்த்தார். பஞ்சவர்ணம் அவர் கோப்பைப் பார்ப்பதைப் பார்த்தாள். வெளியே வந்து என்னிடம், "அழுகலாண்ணே?" என்றாள். என்னை அண்ணே என்று அவள் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. வெயில் வாட்டமாக இருந்தால் இன்னும் வேகமாக நிமிர்ந்திருக்குமோ என்று எனக்கும் பயம்தான். "இன்னும் தண்ணி ஊத்தணும்" என்றேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

இரண்டாம் மாதம் எக்கோவுக்கு அவர்கள் வரவில்லை. பழுத்த மிளகாயைப் பறித்துக் களத்தில் காயப் போடும் சமயம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அன்று முழுக்க ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலைப் பார்த்தேன். நூர்ஜகான் கேட்டாள்: "மாமா, இந்தத் தடவை யாராச்சும் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து படுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" அன்றைக்குத்தான் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் மன்னிப்பு. வார்த்தை சரியாக வரவில்லை. "அந்தப் பட்டன் நீ சரியாத்தான் ஒட்டியிருந்தே" என்றேன். "தெரியும் மாமா" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம். "பேரு பஞ்சவர்ணமா?" என்று யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் கல்லும் ஆமாம் என்று தலையாட்டும். "உங்க பேரு என்ன? எந்த ஊரு? எதுக்கு வந்தீக?" என்று கேட்டுவிட்டு நாங்கள் பேசாமல் இருப்போம். அவர்களே சொல்ல வேண்டும். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கோடு பார்க்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும்.

மூன்றாம் மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். பஞ்சவர்ணம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். ராக்கு ஆட்டோ பிடிக்கலாம் என்றதற்குத் திட்டியிருக்கிறாள். தலையில் துண்டு இல்லை; முடி சுருள் சுருளாகக் காது வரை வந்திருந்தது. படியேறி வந்து, மூச்சை இழுத்துக்கொள்ளாமல், "எம் பேரு பஞ்சவர்ணம். வலது மாரு இல்ல. வேணும்னா அந்தப் புள்ளயப் பாக்கச் சொல்லு" என்று நூர்ஜகானைக் காட்டினாள். நூர்ஜகான் திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "அசல்தான் மாமா" என்று குரல் கொடுத்தாள்.

பெரிய டாக்டர் அறையை இருட்டாக்கினார். இந்தத் தடவை முதலில் அவள் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டுவிட்டுத்தான் திரைக்குத் திரும்பினார். அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராக்கு வெளியே உட்காரச் சொல்லியும் கேட்காமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"ஐம்பத்தஞ்சு" என்றார் டாக்டர்.

ராக்கு என் முதுகிலேயே முகத்தை வைத்து அழுதுவிட்டாள். பஞ்சவர்ணம் அசையவில்லை.

"அப்படின்னா நிமிந்திருச்சா?"

"நிமிர்ந்துடுச்சும்மா. மதுரையில பேசிட்டு ஊசியை மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா மாத்திரையை விடக்கூடாது. மூச்சு வாங்குனா மறைக்கக்கூடாது."

பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு இவளுக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"தங்கச்சிக்கா? அறுபத்திரண்டு" என்றேன்.

தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கும், இருக்கும். வேலை வெட்டி செய்யாத நெஞ்சு."

"ஆமா, நீதேன் ஒத்தையில காட்டைக் கட்டி இழுக்குறவ!" என்று ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டே எகிறினாள். "ஒனக்காகப் படுத்த நெஞ்சு இது. அதுக்கும் கணக்கா?" சண்டை எக்கோ அறையில் ஆரம்பித்து, படியில் இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் நிலையம் போகும் திருப்பம் வரைக்கும் எங்களுக்குக் கேட்டது. அக்காள் முன்னால் நடந்தாள். பையைத் தங்கை கேட்டும் கொடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து மதுரையில் ஊசியை மறுபடியும் ஆரம்பித்தார்கள். போட்டுக்கொண்டது அக்காள்தான். போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.